மணி அடித்தால் ஒரு சுற்று பின்னால்

என் கணவர் காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் எனக்கு ஒரு பட்டுப் புடவை எடுக்கலாம் என்றால் முகம் சுருங்கிவிடும். அதே மனிதர் சென்னைக்குப் போனால் பழைய புத்தகக் கடையில் மணிக்கணக்காக நின்று, கணக்குப் போடும் எந்திரங்களைப் பற்றிய புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு வருவார். அந்தக் காலத்து விலைப்பட்டியல்கள், எந்திரத்தோடு வந்த கையேடுகள், கட்டி முடிக்கப்படாமலே போன ஒரு பித்தளை எந்திரத்தைப் பற்றி யாரோ எழுதிய தடித்த நூல். என் பீரோவில் பாதி இடம் அவற்றுக்குத்தான்.

நில அளவை அலுவலகத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது மேஜையில் கைப்பிடி சுற்றும் எந்திரம் ஒன்று இருந்ததாம். வகுத்தல் கணக்குக்கு எண்ணைக் கழித்துக் கழித்துச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். கழிக்க முடியாத அளவுக்குச் சுற்றிவிட்டால் உள்ளே மணி அடிக்கும். உடனே ஒரு சுற்று பின்னால் திருப்பினால் கணக்கு சரியாகிவிடும். "எல்லாரும் ஒரு சுத்து கூட சுத்துவாங்கன்னு தெரிஞ்சே செஞ்சிருக்கான் பாரும்மா" என்று கையேட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டிக் காட்டிச் சொல்வார்.

அது எங்கள் வீட்டுச் சண்டைக்குள்ளும் வந்துவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் அளவு மீறிப் பேசினால் அவர் வலது கையைத் தூக்கிக் காற்றில் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார். கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் அப்படியே நிற்கும். நியாயமான ஏற்பாடுதான்.

போன வருஷம் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. நாம் பேசுவது புரிகிறதா என்பதே தெரியவில்லை. பிடித்ததைப் படித்துக் காட்டுங்கள் என்றார் டாக்டர். அவருக்குப் பிடித்தது எது என்று எனக்கா தெரியாது? பீரோவைத் திறந்தேன்.

மத்தியானங்களில் கட்டிலருகே உட்கார்ந்து, இங்கிலீஷில் இருப்பதை எனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டே படிப்பேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். பல்சக்கரம், கைப்பிடி, பத்தாம் இடம் என்று படிக்கப் படிக்க எனக்கே கண் சொருகும். அரைத் தூக்கத்தில் அந்தப் பித்தளை எந்திரம் பாலாற்று மணலில் நிற்கும். அதன் சக்கரங்கள் தேர்ச் சக்கரம் போல மெல்ல நகரும். வெயிலில் எண்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து மறையும். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று சுற்றிக்கொண்டிருப்பார். விழித்துப் பார்த்தால் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கண்ணுக்குள் என்னை அடையாளம் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று குனிந்து பார்ப்பேன். பயமாக இருக்கும்.

ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது வாயை இறுக மூடிக்கொண்டார். சட்டையெல்லாம் வழிந்தது. மடியில் இருந்த கையேட்டிலும் கொட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. கையேட்டைத் தூக்கிக் கட்டில்மேல் எறிந்தேன்.

"இத்தன மாசமா செவுத்துக்குப் படிச்சிக்கினு இருக்கேன். என்னால முடியலங்க. நீங்க இருக்கறதும் இல்லாததும் எனக்கு ஒன்னுதான்."

போர்வைக்கு வெளியே கிடந்த அவருடைய இடது கை அசைந்தது. மாசக்கணக்கில் படுத்தே கிடந்ததில் அதையும் தூக்க முடியவில்லை. விரல்கள் மட்டும் போர்வையின் மேல் ஊர்ந்து, பின்பக்கமாக ஒரு வட்டம் போட்டன. பழக்கமில்லாத கை, வட்டம் கோணலாகத்தான் இருந்தது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரிங்க, கடைசியா சொன்னத எடுத்துக்கறேன்," என்றேன். "முடியலன்னு சொன்னது அப்படியேதான் இருக்குது."

அவர் வாயைத் திறந்தார். பேசப் போகிறார் என்று நினைத்து நான் இன்னும் கிட்டே குனிந்தேன். பேச்சு வரவில்லை. வாய் மட்டும் திறந்தே இருந்தது. அப்புறம்தான் புரிந்து, கிண்ணத்தில் மிச்சமிருந்த கஞ்சியை எடுத்து ஊட்டினேன்.