ஜுபைதா அக்கா போட்ட இரண்டு மேற்கோள் குறிகள்

முத்துப்பேட்டையிலிருந்து ஜுபைதா அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அடக்கம்" என்றார். நான் லீவு வாங்கி, மன்னார்குடியில் பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் மண் போட்டு முடித்திருந்தார்கள்.

நிலப் பதிவுப் பிரிவில் அவரோடு வேலை பார்த்த எங்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். கணினியில் ஒரு வரிக் கட்டளை தட்டினாலும், ஃபைல் பெயருக்கு இருபுறமும் மேற்கோள் குறி போடாமல் என்டரைத் தொடவிடமாட்டார். "போடலைன்னா மெஷின் அதுவா ஒரு அர்த்தம் பண்ணிக்கும்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஆட்சி மாறினால் அதிகாரிகள் மாறுவார்கள், வேட்டியின் கரை மாறும். கோயில் நிலத்துக் குத்தகைதாரர்கள் எங்கள் வாசலில் வந்து உட்கார்வது மட்டும் மாறாது. குத்தகைப் பதிவைத் தவிர அவர்களுக்கு வேறு பிடிமானம் இல்லை. அப்படி அவர்கள் உட்கார்ந்திருந்த ஒரு நாள், அந்த நிலத்தின் மேல் கண் வைத்திருந்த கரைவேட்டிக்காரர் ஒருவரோடு எங்கள் அதிகாரி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பதிவுகளின் நகல் இருந்த டேப் கெட்டு, ரிப்பேருக்குப் போயிருந்த வாரம் அது.

"ஸ்டார் குறியையே பேரா வச்சு ஒரு குப்பை ஃபைல் கெடக்குல்ல, அதை அழிச்சிடும்மா. தப்பாப் போனா மெஷின் மேல போட்டுக்கலாம்" என்றார் அதிகாரி.

யாரோ தவறுதலாக உண்டாக்கிய அந்த ஃபைல் இருந்தது உண்மைதான். ஆனால் ஸ்டாரை வெறுமனே தட்டினால் 'இங்கே இருப்பது எல்லாம்' என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். அத்தனை குத்தகைப் பதிவும் அதே ஃபோல்டரில் இருந்தது. மாட்டேன் என்றால் அக்காவின் ஒப்பந்த வேலை போகும். வீட்டுக்காரர் படுத்த படுக்கை, இவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. சரி என்றால் வாசலில் இருப்பவர்கள் நடுத்தெருவில்.

அக்கா தட்டினார். ஸ்டாருக்கு முன்னால் ஒரு மேற்கோள், பின்னால் ஒன்று. மெஷின் அதை வெறும் பெயராகவே எடுத்துக்கொண்டது; குப்பை ஃபைல் மட்டும் போனது.

"என்னம்மா செஞ்சே?" அதிகாரி பல்லைக் கடித்தார்.

"நீங்க சொன்ன ஃபைலைத்தான் சார் அழிச்சேன். இனிமே அந்தப் பேர்ல ஒண்ணும் இல்ல."

அவர்களுக்கு இருந்த ஒரே சாக்கும் போய்விட்டது. இருவரும் வெளியேறிய பிறகு அக்காவால் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன். "தைரியமெல்லாம் இல்லப்பா, வேற வழி தெரியல" என்றார்.

அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கடைசிவரை ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தார். அந்தக் குத்தகைதாரர்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

நான் இன்னும் அந்த அலுவலகத்தில்தான் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். அப்படி ஓர் உத்தரவு என் மேசைக்கும் வரும். அன்றைக்கும் எனக்குப் பயம் போகாது, தெரியும். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கைதான். நடுங்கிக்கொண்டே சரியாகத் தட்டிய கை.