பெருக்கி வைத்த காடு

கீரிப்பாறைக்கு மேலே உள்ள காட்டில் எனக்குத் துணையாக வந்தவர் ஒரு வனக்காவலர். மெலிந்த உடம்பு, வெளுத்த காக்கிச் சட்டை, தோளில் நீளக் கம்பு கட்டிய வாரியல். கோடையில் தீ பரவாமலிருக்க அந்தத் துடைப்பத்தால் சருகைக் கூட்டி ஒதுக்குவது அவர் வேலை. நடக்கும்போதுகூட வழியில் கிடக்கும் இலையைக் காலால் ஓரம் தள்ளிவிட்டுத்தான் போவார்.

காட்டு மண்ணில் கரிமம் எவ்வளவு சேர்கிறது என்பது என் ஆய்வு. வருஷம் முழுக்க ஒரே இடத்தில் சருகையும் அதன் அடி மண்ணையும் எடுத்து வந்தேன். கடைசி முறை போனபோது, நான் கயிறு கட்டி வைத்திருந்த இடம் வீட்டு முற்றம்போலச் சுத்தமாக இருந்தது.

"படிச்ச பிள்ள சருகுக்குள்ள குத்தவச்சு வேல பாக்குதேன்னு காலத்தே வந்து தூத்துட்டேன் மக்கா. ஒரு எல கெடக்கா பாரு!" என்று சிரித்தார்.

"அந்தச் சருகுதான் அண்ணாச்சி எனக்கு வேணும்! அது மக்கித்தான் மண்ணுல சேருது. ஒரு வருஷ வேலை போச்சு. ஒண்ணுமே தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

அவர் போய், ஒதுக்கிய சருகைச் சாக்கில் அள்ளி வந்து, குனிந்து குனிந்து பரப்பினார்.

"இப்ப சரியாச்சா மக்கா?"

கலந்துபோன சருகு ஆய்வுக்கு உதவாது. "சரியாச்சு அண்ணாச்சி" என்று ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டேன். அதைக் கொட்ட இன்னும் மனம் வரவில்லை.

என் அம்மா ஊரார் முற்றங்களைப் பெருக்கித்தான் என்னைப் படிக்க வைத்தாள். எனக்காக ஒருவர் பெருக்கி வைத்தது அந்த ஓர் இடத்தைத்தான்.