ஒரு டிக்கட்டுக்கு இரண்டு வாசிப்பு

சாய்ந்தமருதில் றாஸிக் சேரைத் தெரியாத ஒருவர் இருந்தால் அவர் இங்கிலீஷுக்குப் பயப்படாதவராக இருக்க வேண்டும். அப்படி யாரும் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆகவே எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

அவருடைய டியூட்டரி என் கடைக்கு நேர் எதிரே. நான் போட்டோக்கொப்பி அடிக்கிறவன். கடைக்குப் பேர் கொமியூனிகேஷன். “நல்ல பேர், ஷன்ல முடியுது” என்று சேர் முதல் நாளே மெச்சினார். அவருக்குச் சொல்லின் தலை முக்கியமில்லை, வால்தான் முக்கியம். சனிக்கிழமை ‘ஷன்’ வகுப்பு, ஞாயிறு ‘மென்ட்’ வகுப்பு, திங்கள் பின்னேரம் ‘லெஸ்’. ஹோம்லெஸ், வீடில்லாதவர். ஹோப்லெஸ், நம்பிக்கையில்லாதவர். யூஸ்லெஸ், பிரயோசனமில்லாதவர். அறுபது பிள்ளைகள் ஒரே இழுவையில் இதைப் பாடுவார்கள். பதினைந்து வருடம் எதிரே இருந்து கேட்டதில் எனக்கே முந்நூறு சொல் பாடம். ஒரு வசனம் பேச வராது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான். வசனம் என்பது சேரின் பாடத்திட்டத்தில் இல்லை.

சேர் டோஹாவில் பதினொரு வருடம் ஒரு கொம்பனியில் தேநீர் கொடுத்தவர். கழித்துப்போட்ட கடதாசிகளைப் பொறுக்கி, அதிலிருந்த சொற்களை முடிவு பார்த்துப் பிரித்து, அர்த்தத்தோடு சீ.ஆர். என்கிற தடித்த கொப்பிகளில் எழுதினார். அங்கே யாருடனும் இங்கிலீஷ் கதைக்க வேண்டி வரவில்லை. கூட வேலை செய்த மலையாளிகள் தமிழில் கதைத்தார்கள், முதலாளி விரலால் கதைத்தார். நான்கு கொப்பிகளோடு ஊருக்கு வந்தார், ஊர் அவரைச் சேர் ஆக்கிவிட்டது. “தலையப் பார்த்தா ஒவ்வொரு சொல்லும் வேற வேற ஆள். வாலப் பார்த்தா எல்லாம் ஒரு குடும்பம்” என்பார். பொய்யில்லை. குடும்பம் தெரிந்தால் ஆளைத் தெரிந்த மாதிரித்தான் எங்கள் ஊரில். கல்யாணமே அப்படித்தான் பேசுகிறோம்.

டியூட்டரியோடு நின்றிருந்தால் யாருக்கும் சேதமில்லை. ஒரு நாள் வகுப்புப் பிள்ளையொன்றின் உம்மா ஆஸ்பத்திரி டிக்கட்டோடு வந்தார். என்ன வருத்தம், என்ன வைத்தியம் என்று டொக்டர்மார் எழுதிக் கொடுக்கிற அட்டையைத்தான் நாங்கள் டிக்கட் என்கிறோம். சேர் அதைத் தூரப்பிடித்து, கிட்டப்பிடித்து, கடைசி எழுத்துகளைக் கண்டுபிடித்தார். ஐட்டிஸ். அகராதியைத் தட்டினார். அழற்சி. அடுத்த கிழமையே ஐந்தாவது கொப்பி தொடங்கிவிட்டது. ஐட்டிஸ் என்றால் அழற்சி, ஸ்கோபி என்றால் குழாய் விட்டுப் பார்த்தல், எக்டமி என்றால் வெட்டி எடுத்தல், ஓமா என்றால் கட்டி. சொல்லின் முன்பாதி டொக்டரின் கையெழுத்தில் மையில் விழுந்த எறும்பு நடந்த மாதிரி இருக்கும். வால் மட்டும் எப்படியோ விளங்கும். அதனால்தான் கையில் போன் வைத்திருக்கிற பிள்ளைகள்கூட அவரிடம் வந்தார்கள். வாசிக்க முடியாததைப் போனில் எப்படித் தேடுவது?

இறக்காமத்திலிருந்தும் ஒலுவிலிலிருந்தும் சனம் வந்தது. கூலி வாங்கமாட்டார். ஒரு சட்டி தயிர், ஒரு பை அரிசி, அறுவடைக் காலமென்றால் கொஞ்சம் கூட.

இதில் ஒரு ஒழுங்கு உண்டு, அது ஊரின் ஒழுங்கு. வருத்தக்காரர் வருவதற்கு முதல் வீட்டார் ஒருவர் அசர் தொழுகைக்குப் பிறகு டிக்கட்டோடு வந்து சேரின் வாசல் கேற்றடியில் நிற்பார். சேர் குரலைத் தாழ்த்தி உள்ளதைச் சொல்லுவார். “கட்டி. வெட்டணுமாம்.” வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆளுக்குச் சொல்லிராதீங்க சேர்” என்பார். அடுத்த நாள் ஆள் வருவார். சேர் அதே டிக்கட்டைப் பிரித்து, வீதிக்குக் கேட்கிற சத்தத்தில், “சும்மா வீக்கம்! ஒண்டுக்கும் யோசிக்காதீங்க!” என்பார். ஒரு டிக்கட்டுக்கு இரண்டு வாசிப்பு. நானும் என் வாப்பாவுக்காக அந்தக் கேற்றடியில் நின்றவன்தான். அதனால் எனக்குச் சிரிக்க உரிமை குறைவு.

போன வருடம் நோன்புக்குப் பிறகு சேரின் மனைவி சரீபாவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. கிளினிக்கில் ஊசி குத்தி எடுத்துச் சோதித்தார்கள். டிக்கட்டில் இரண்டு பெரிய சொற்களையும் ஒப்பரேஷனுக்கு மூன்று கிழமை தள்ளி ஒரு திகதியையும் எழுதிக் கொடுத்தார்கள். டொக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தாராம். சரீபா, “எங்கட வீட்டுக்காரர் வாசிப்பார்” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். புருஷனில் அவ்வளவு பெருமை.

சேர் டிக்கட்டைப் பிரித்தார். முதல் சொல்லின் வால் ஓமா. இரண்டாவதின் வால் எக்டமி. முன்பாதிகள் வழக்கம்போல எறும்பு. எந்தக் கட்டி, கெட்டதா நல்லதா, எதை வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, எல்லாம் அந்த எறும்புக்குள்தான் இருந்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. காலையில் குரலைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். இதையெல்லாம் பின்னர் அவரே எனக்குச் சொன்னார்.

“சின்ன வீக்கம்தான் புள்ள. டொக்டர்மார் இதுக்கெல்லாம் பெரிய பேர் வெப்பாங்க. ஒரு சின்ன வேல செஞ்சாச் சரி.”

சரீபா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “இது ஆளுக்குச் சொல்ற கதை. மற்றக் கதையச் சொல்லுங்க.”

“என்ன மற்றக் கதை?”

“கேற்றடியில நிண்டு மெல்லமாச் சொல்லுவீங்களே, அது. இத்தின வருஷமா வாற சனத்துக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து திரைக்குப் பின்னால நிக்கிறவள் நான். எனக்குக் காது கேக்காதா?”

சேருக்கு வியர்த்துவிட்டது. அவருக்கு இப்படி ஒரு சிக்கல் வரும் என்று யார் நினைத்தது? வருத்தக்காரரும் வீட்டுக்குள்ளே, வீட்டாரும் வீட்டுக்குள்ளே. கடைசியில் உள்ளதைச் சொன்னார்.

“மற்றக் கதை எனக்குத் தெரியா, சரீபா. வால் மட்டுந்தான் விளங்குது.”

“அப்ப அந்தச் சனத்துக்கெல்லாம்?”

“அதுவும் வால்தான்.”

“யா அல்லாஹ்!” சரீபா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். பிறகு சொன்னார்: “என்னெண்டு தெரியாம நான் கழுத்தக் குடுக்கமாட்டன். திகதி போனாப் போகட்டும்.”

அது வெறும் பயமுறுத்தல் இல்லை. சரீபா இரண்டு கிழமை அசையவில்லை. மகள் நஸ்லா அழுதாள், மச்சிமார் வந்து கெஞ்சினார்கள். சரீபா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: எண்ட வருத்தம் என்னெண்டு ஆராவது தமிழில சொல்லுங்க. அதற்குச் சேர் போய் டொக்டரிடம் கேட்க வேண்டும். கேட்டால், கிளினிக்கில் முறைக்குக் காத்து வாங்கில் இருக்கிற சனமெல்லாம் சேருக்கே தெரியாதாம் என்று கதைக்கும். மனைவியின் கழுத்தா, தன் பேரா என்று அந்த மனிதர் இரண்டு கிழமை யோசித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. திகதிக்கு நான்கு நாள் இருக்கும்போது சரீபாவோடு என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

வாங்கில் இருந்த சனம் அவரைக் கண்டதும் எழும்பிவிட்டது. “சேர், வந்தது பெரிய நன்மை, இத ஒருக்காப் பாருங்க” என்று ஏழெட்டு டிக்கட் நீண்டது. சேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

உள்ளே டொக்டர் கிளெய்டன். இளம் ஆள். சேர் நிமிர்ந்து நின்று, கொப்பி கொப்பியாகச் சேர்த்ததையெல்லாம் ஒரு மூச்சில் இறக்கினார். “டொக்டர், எக்ஸ்ப்ளனேஷன், கண்டிஷன், ஒப்பரேஷன், இன்ஃபர்மேஷன்…” அதற்குப் பிறகு ஒரு வசனம் வேண்டியிருந்தது. வரவில்லை.

“ஐயா, நான் கல்முனைதான். தமிழிலயே கேளுங்க” என்றார் டொக்டர்.

டிக்கட்டின் பின்பக்கத்தில் ஒரு கழுத்தை வரைந்து சரீபாவிடம் காட்டினார். “அம்மா, இது நல்ல கட்டியா கெட்ட கட்டியா எண்டு ஊசிச் சோதனையில முடிவா சொல்ல ஏலாது. இந்தச் சுரப்பியில அரைவாசிய எடுத்து அனுப்பினாத்தான் தெரியும். இப்ப எனக்கும் தெரியாது.”

இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. சரீபா கேட்டார்: “உங்களுக்கும் தெரியாதா?”

“தெரியாது.”

“அப்ப வெட்டுங்க.” அவர் முகம் தெளிந்ததை நான் கண்டேன். தெரியாது என்று ஒருவர் நேராகச் சொன்னதிலேயே அவருக்குப் பாதிச் சுகம்.

டொக்டர் சிரித்தார். “இதச் சொல்லத்தான் அண்டைக்கும் பார்த்தன். இஞ்ச ஒருத்தரும் நிண்டு கேக்கிறல்ல. டிக்கட் வாசிக்க ஊருல ஒரு ஆள் இரிக்காராமே. ‘சும்மா வீக்கம்’ எண்டு அவர் சொன்னத நம்பி ஒருத்தர் எட்டு மாசம் பிந்தி வந்தார். பாவம், காலம் கடந்திட்டு. உங்களுக்கு அந்த ஆளத் தெரியுமா?”

 சேர் தன் செருப்பைப் பார்த்தார்.

“அவர் இப்ப வாசிக்கிறல்ல, டொக்டர்” என்றார் சரீபா.

அன்றோடு சேரின் வாசிப்பு நின்றது. வருகிறவர்களிடம், “எனக்குத் தெரியா, டொக்டரிட்டக் கேளுங்க” என்று சொல்லத் தொடங்கினார். அதனால் வந்த வினையும் சின்னதில்லை. பாத்தும்மா என்கிற பெண் அதைக் கேட்டதும், சேரே சொல்ல அஞ்சுகிறார், நமக்கு முடிஞ்சிது என்று கட்டாரிலிருக்கிற மகனை அழைப்பித்துவிட்டார். மகன் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தால் உம்மாவுக்கு நெஞ்செரிச்சல்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. சோதனை முடிவை எடுக்கச் சேரும் நானும் போனோம். சரீபா கழுத்துக் கட்டோடு வீட்டில். டொக்டர் வாசித்துவிட்டு, “கெட்டது ஒண்டுமில்ல ஐயா. முழுச் சுகம்” என்றார். சேர் குழந்தை மாதிரி அழுதார்.  அவர் அழுதபடியே வெளியே நடக்க, மேசையில் மறந்துபோன டிக்கட்டை எடுத்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன்.

வழியெல்லாம் சொன்னார். சந்தியில் சொன்னார், மீன் கடையில் சொன்னார், பள்ளிவாசல் வாசலில் சொன்னார். “சும்மா கட்டிதான்! ஒண்டுமில்லையாம்!” அதே சத்தம், அதே சந்தோஷம். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். “ஓம் சேர், ஓம். அல்லாஹ் லேசாக்குவான்” என்று தோளைத் தட்டினார்கள். இத்தனை வருடத்தில் அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கு மனப்பாடம்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீடு நிறைந்துவிட்டது. சம்மாந்துறையிலிருந்து மச்சிமார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். தோடம்பழம் மலையாகக் குவிந்தது. சாகக் கிடக்கிறவர்களுக்கு ஓதுகிற யாஸீனை ஓதினார்கள். சேருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை; ஒவ்வொருவரிடமும் போய் ரிப்போட்டைக் காட்டினார். அது இங்கிலீஷில் இருந்தது. பக்கத்து வீட்டு றமீஸின் மனைவி சரீபாவின் கையைப் பிடித்து, “ராத்தா, மதில் விசயத்துல நான் கதைச்சதெல்லாத்தையும் மாப்புச் செஞ்சிருங்க” என்று விம்மினாள். மூன்றாவது ஆளும் மாப்பு என்று மன்னிப்புக் கேட்ட பிறகு சரீபாவின் முகம் மாறியது. வருத்தம் ஒன்றுமில்லாதவளிடம் யாராவது மதிலை விட்டுக்கொடுப்பார்களா?

எல்லோரும் போனதும் புருஷனைக் கூப்பிட்டார். “அல்லாஹ்வுக்காக உண்மையச் சொல்லுங்க.”

“இதான் புள்ள உண்மை.”

“நீங்க உண்மை சொன்னா அது எப்படி இரிக்கும் எண்டு எனக்குத் தெரியாதே” என்றார் சரீபா. சண்டைக்குச் சொல்லவில்லை. அழுதுகொண்டுதான் சொன்னார்.

அடுத்த கிளினிக் நாள் மூவருமாகப் போனோம். டொக்டர் சிரித்த முகத்தோடு தொடங்கினார். “அம்மா, நான் ஐயாவிட்டச் சொன்ன மாதிரி…”

சரீபா கையை உயர்த்தினார். “பொறுங்க டொக்டர். முதல்ல இவர வெளிய அனுப்புங்க. மறுகா சொல்லுங்க.”

சேரும் நானும் வெளியே வந்தோம். கதவு சாத்தப்பட்டது. சேர் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே கதைப்பது எங்கள் காதில் விழவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அண்டைக்கு நான் வெளிய வந்த பிறகு நீங்க ஒரு நிமிஷம் உள்ள நிண்டீங்களே. டொக்டர் உங்கட்ட என்ன சொன்னார்?”

“ஒண்டும் சொல்லல்ல சேர். நான் டிக்கட்டத்தான் எடுத்தன்.”

“எனக்கெண்டு ஒரு கதை சொல்லியிருப்பார். உங்களுக்கு மற்றதச் சொல்லியிருப்பார். மறைக்காதீங்க, நான் தாங்குவன்.”

“சத்தியமா ஒண்டுமில்ல சேர். அவவுக்கு முழுச் சுகம்.”

சேர் தலையை ஆட்டினார். பிறகு என் முகத்தை இன்னொரு தரம் பார்த்தார்.