ஒரு டொலர் கூட்டிய சம்பளம்

தொண்ணூறுகளில் ஏப்ரல் மாதம் வந்தால் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் சோற்றுக் கோப்பை வைக்க இடம் இராது. ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் இருந்த எங்கள் சனத்தின் வருமான வரிப் பத்திரங்களை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்தில் கணக்காளராக இருந்தவன். ரொறன்ரோவில் கார் உதிரிப்பாகக் கம்பனி ஒன்றில் கணக்கு எழுதினேன். வரிக்கு நாங்கள் சொல்வது ராக்ஸ். அதனால் என்னை எல்லோரும் ‘ராக்ஸ் அண்ணை’ என்பார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. நான் செய்த பிழையையும் அதே மேசையில் இருந்துதான் செய்தேன்.

மகள் பிறந்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வீதிக்கு மறுபக்கத்து அடுக்குமாடியில் கணவரோடு குடியிருந்த ஒரு பெண், எங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். மகள் அவரை அன்ரி என்றாள். அவர் என்னை அண்ணை என்றார், நான் தங்கச்சி என்றேன்.

சம்பளம் பேசியபோது, “கையிலை தந்தாக் காணும் அண்ணை” என்றார். கைக்காசே போதும் என்ற இந்த வசனத்தைப் பல காலம் எனக்குச் சாட்சியாக வைத்திருந்தேன். ஆனால் அவர் அதைத் தெரியாமல் சொன்னார். நான் தெரிந்துகொண்டே கேட்டேன். வீட்டுக்கு வந்து வேலை செய்பவரை வைத்திருந்தால் முதலாளி என்று பதிய வேண்டும். ஓய்வூதியத்துக்கும் வேலையில்லாக் காப்புறுதிக்கும் அவர் பங்கைப் பிடித்து, என் பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டும். வருட முடிவில் அவருடைய உழைப்புக்கு ரி-4 என்ற சம்பளப் பத்திரம் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் கேட்டால் இவ்வளவையும் சொல்லிக் கொடுப்பவன் நான்.

வெள்ளிக்கிழமைகளில், கலியாண வீட்டில் கொடுப்பதுபோல, காசை ஒரு என்வலப்பில் வைத்து, மேலே ஒரு டொலர் நாணயக் குற்றியும் போட்டு நீட்டுவேன். கொடுக்கிற காசு பூச்சியத்தில் முடியக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அது அன்பளிப்புக்கான வழக்கம், சம்பளத்துக்கு இல்லை. அந்த ஒரு டொலரைப் போட்டதும் நான் முதலாளி அல்ல, அண்ணன் என்று எனக்குத் தோன்றும். முதலாளிக்குத்தானே சட்டம். அண்ணனுக்கு என்ன சட்டம்?

ஏப்ரலில் அவரும் கணவரும் வருவார்கள். கணவரின் தொழிற்சாலைச் சம்பளத்தை எழுதுவேன். தங்கச்சியுடைய பத்திரத்தில் வருமானம் பூச்சியம் என்று என் கையால் எழுதி, எங்கே கையெழுத்து வைப்பது என்றும் காட்டுவேன்.

ஒரு மாரிகாலப் பின்னேரம், பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போகாமல், ஜக்கெற்றைப் போட்டபடி வாசலில் நின்றார்.

“அண்ணை, அப்பாவை ஸ்பொன்சர் பண்ண லோயரிட்டைப் போனாங்கள்.”

அவருடைய தகப்பன் ஊரைவிட்டு வந்து கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் தனியே இருந்தார். நீரிழிவு என்ற சீனி வருத்தம். காலில் ஆறாத புண். அவரை இங்கே அழைக்க, பிள்ளைகள் போதிய வருமானம் காட்ட வேண்டும்.

“இவரின்ரை சம்பளம் மட்டும் காணாதாம். நானும் உழைக்கிறன் எண்டு சொன்னன். கடதாசியிலை நீங்கள் ஒரு சதமும் உழைக்கேல்லை எண்டு லோயர் சிரிக்கிறார். நீங்கள் ஒரு கடிதம் தந்தாச் சரிவருமோ?”

கடிதம் மட்டும் கொடுத்தால் அது நான் நிரப்பிய பத்திரங்களையே பொய்யாக்கும். “பாப்பம் தங்கச்சி” என்றேன். அவர் போனதும் மனைவி குசினியிலிருந்து வந்தாள்.

“என்னத்தைப் பாக்கப் போறியள்? ஊருக்கெல்லாம் ராக்ஸ் படிப்பிக்கிறியள். உவள் எங்கடை பிள்ளைக்குச் சோறு தீத்துறாள். உவளுக்குப் பூச்சியம் போட்டது ஆர்?”

“என்னைப் பிடிச்சு உள்ளுக்கை போட்டாங்கள் எண்டால்?”

“போடட்டும். நான் சோறு கொண்டு வாறன்.”

மறுநாள் மத்தியானம் வரித் திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். வீட்டு இலக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து, கடைத்தொகுதியில் இருந்த பொதுத் தொலைபேசியில் எடுத்தேன். என் நண்பர் ஒருவர் இப்படிச் செய்துவிட்டார், என்ன செய்யலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மறுமுனையில் தடிமன் பிடித்து மூக்கடைத்த ஒரு பெண் குரல். முழுவதையும் கேட்டுவிட்டு, “உங்கள் நண்பரிடம் பேனா இருக்கிறதா? எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்” என்றது. முதலாளி இலக்கம் எடுப்பது, பழைய வருடங்களின் பாக்கி, வட்டி, தண்டம், வேலை செய்தவருடைய பழைய பத்திரங்களைத் திருத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரலில் அதட்டல் இல்லை. தினமும் யாரோ ஒருவருடைய நண்பர் இப்படிச் செய்துவிடுகிறார் போலும்.  அன்று இரவு பசித்துச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவரை இருக்கச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது, இரண்டு பங்கையும் நானே கட்டுவேன், பத்திரங்களைத் திருத்துவதால் அவர்களுக்கு வரும் வரியும் என் பொறுப்பு என்றேன்.

“அப்ப அப்பா வருவாரோ?” என்று கேட்டார்.

“உம்மடை உழைப்பும் கணக்கிலை வந்தால் வரலாம்.”

எழும்பி ஜக்கெற்றைப் போட்டார். “எனக்கு உங்களிலை கோவம் இருக்கு அண்ணை. அப்பா வந்தாப் பிறகு சொல்லுறன்.”

அதன்பிறகு செக்கில்தான் சம்பளம் கொடுத்தேன். முதற் செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒரு டொலர் எங்கை?” என்றார். கோபமா பகிடியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பாக்கியைக் கட்டி முடிக்க, கார் மாற்றுவதைத் தள்ளிப்போட்டோம். திருத்திய பத்திரங்கள் ஏற்கப்பட்டன. அவற்றோடு லோயர் ஸ்பொன்சர் விண்ணப்பத்தை அனுப்பினார். நெடுநாள் காத்திருந்த பிறகு விசா வந்தது.

தகப்பன் வந்து சேர்ந்த கிழமை தங்கச்சி அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். மெலிந்த மனிதர், யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் காணாமற் போயிருந்தார். காலில் கட்டு இருந்தது. ஆனால் மகளின் தோளைப் பிடித்துப் படியேறிவிட்டார். கதிரையில் இருந்ததும் என்னைக் காட்டி மகளிடம் கேட்டார்.

“இவர் ஆர் பிள்ளை, எங்கடை ஆக்களோ?”

வழக்கமாக என்னை யாருக்கும் ‘எங்கடை அண்ணை’ என்று அறிமுகப்படுத்துகிற தங்கச்சி, தேத்தண்ணியை ஆற்றியபடி என்னை ஒருமுறை பார்த்தார்.

“இல்லை அப்பா. இவர் என்ரை முதலாளி.”

அவர் சொல்லுவதாகச் சொன்ன கோபம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பிறகு வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு வலிக்கவில்லை. நெடுங்காலம் தூக்கி நின்ற மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது.

“ஓம் ஐயா,” என்றேன். “நான்தான் முதலாளி.”