கல்தூசிக்கு வெல்லம்

பெங்களூருக்கு வந்த புதிதில் என்னைத் திடுக்கிட வைத்தது என் சொந்த மூச்சுதான். மார்கழிக் காலையில் வாயைத் திறந்தால் புகை வந்தது. பீடியே தொடாதவன் வாயில் புகையா என்று பயந்துபோனேன். வேலூர் வெயிலில் பிறந்த நமக்கு மூச்சு கண்ணுக்குத் தெரிகிற பொருள் இல்லையே. அது சுதந்திரம் வந்த வருஷம். நாலாம் வகுப்போடு நின்ற நான் ஓர் உளியோடு வந்து இங்கே நீலசந்திராப் பகுதியில் ஒண்டிக்கொண்டேன். இன்று இந்த ஊர்ப் பங்களாக்களில் என் கொட்டகையில் செதுக்கிய படிக்கட்டுகளைச் சொல்லி முடிக்க எனக்கே பொழுது போதாது. யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கம் வேறோர் இடத்தில் இருக்கிறது.

என் மகள் மரகதத்தை மைசூருக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்க வைத்தேன். பிரசவம் பார்ப்பாள், பெரிய இடத்துக் கார்கள் வாசலில் நிற்கும் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன். அவளோ நெஞ்சு நோய்க்கென்று மேலே படித்து, மூச்சு முட்டி வருகிறவர்களின் கட்டிலோரம் ஆக்சிஜன் சிலிண்டரோடு நிற்கிற வேலையை எடுத்துக்கொண்டாள். "பிரசவ டாக்டர்னா பட்டுப் புடவை குடுப்பாங்க மேஸ்திரி, நெஞ்சு டாக்டருக்கு இன்னா குடுப்பாங்க, இருமலா?" என்று பக்கத்து வீட்டுக் கன்னியம்மா கேட்டாள். "அவ ஆராய்ச்சி பண்றா. உனக்கு அதெல்லாம் புரியாது" என்றேன். எனக்கும் புரியவில்லை.

கல் வேலைக்காரர் நெஞ்சில் தூசி என்ன செய்கிறது என்பதுதான் அந்த ஆராய்ச்சி. மூச்சை ஊதிப் பார்க்கவும் நெஞ்சைப் படம் எடுக்கவும் என் ஆட்களையே கேட்டாள். அவர்களுக்குப் பயம். படத்தில் ஏதாவது தெரிந்தால் காசநோய் சானடோரியத்தில் போட்டுவிடுவார்கள், பெண்டுபிள்ளை பட்டினி கிடக்கும் என்றார்கள். "நம்ம கொட்டகைத் தூசி யாரையும் ஒண்ணும் பண்ணாதுடா. நான் முதல்ல ஊதிக் காட்டறேன், பின்னால வாங்க" என்றேன். அந்தத் தைரியம் வெல்லத்தால் வந்தது. சாயங்காலம் உளியைக் கீழே வைத்ததும் ஆளுக்கோர் உருண்டை வெல்லம் கொடுப்பது என் வழக்கம். தின்றால் உள்ளே போன தூசி இறங்கிவிடும். மற்ற மேஸ்திரிகள் கூலியோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் மட்டும் நல்ல வெல்லமாகப் பார்த்து வாங்கிக் கொடுப்பேன்.

ஆஸ்பத்திரியில் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு தகர டப்பா கவிழ்ந்து மிதந்தது. குழாயில் ஊதினால் அது எழும். எவ்வளவு எழுகிறதோ அவ்வளவு பலம். வேட்டியை மடித்துக் கட்டி, என் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஊதினேன். கண் இருண்டது. டப்பா விரலளவு அசைந்து நின்றது. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற கன்னடக்காரர், நான் இன்னும் தொடங்கவே இல்லை என்று நினைத்து மரியாதையாகக் கை காட்டினார். "ஊதி யஜமானரே, ஊதி."

"ஊதியாச்சு சாமி" என்றேன். அது அவருக்கு எட்டவில்லை. "ஹெதரபேடி, ஊதி" என்று பயத்தைத் தெளிவித்தார். என் பின்னால் ஒருவனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி எடுத்த என் நெஞ்சுப் படத்தை மரகதம் வெளிச்சத்தில் பிடித்தாள். மாவு தெளித்தாற்போலப் புள்ளிகள். "கல் தூசிப்பா. உள்ள போனது வெளிய வராது" என்றாள்.

முனுசாமி என்னோடு ஆரம்பத்திலிருந்து உளி பிடித்தவன். "அப்போ நாம துன்ன வெல்லம், பாப்பா?" என்று கேட்டான்.

"வெல்லம் வயித்துக்குப் போவுது மாமா. தூசி நெஞ்சுக்குப் போவுது. வழியே வேற."

முனுசாமி என் பக்கம் திரும்பினான். கோபித்திருந்தால் பதில் வைத்திருந்தேன். "பாவம், மேஸ்திரியும்தானே துன்னாரு" என்றான். என்னைப் பாவம் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. பிறகு அவனே குனிந்து குழாயை எடுத்தான். மற்றவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள். நான் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

இப்போது கொட்டகையில் கல்லை நனைத்துத்தான் செதுக்குகிறோம். மகளின் உத்தரவு. இங்கே கல் வேலைக்கு வரும் நம்மவர்களும் அப்படியே செய்யுங்கள். என்னை அவள் உளிப் பக்கமே விடுவதில்லை, ஊரோடு போய் இருக்கச் சொல்கிறாள். எப்போது திரும்புவாய் என்று ஊரிலிருந்து நீங்களும் கேட்கிறீர்கள். வரலாம். ஆனால் நான் செதுக்கி விற்றது போக மிச்சமான பெங்களூர்க் கல் என் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை இங்கே இறக்கி வைத்துவிட்டு வர வழியில்லை. நாளைக்கு நம் பாலாற்றங்கரையில் என்னைப் புதைக்கும்போது, இந்த ஊரையும் ஒரு பிடி சேர்த்துத்தான் நீங்கள் புதைக்க வேண்டியிருக்கும்.