ஆகஸ்டில் எடுத்த சோதனை

நெப்ராஸ்காவின் சோளக்காட்டு ஊர்களில் அமெரிக்கக் கால்பந்துக்குப் பதினோரு பையன்கள் தேற மாட்டார்கள். எட்டுப் பேரோடு ஆடுவார்கள். வெண்டல் கிராட்டோச்வில் வீடுவீடாக எரிவாயு நிரப்புகிறவர், மாலையில் பள்ளிக்குப் பயிற்சியாளர். தலையில் அடிபட்டவனை அடையாளம் காணும் பாடத்தை ஆண்டுதோறும் கணினியில் முடித்தால்தான் அந்தப் பொறுப்பு. அவர் ஒருமுறையும் தவறவிட்டதில்லை.

ஆகஸ்டில் பையன்களுக்கும் ஒரு சோதனை உண்டு. மாதங்களைத் தலைகீழாகச் சொல்லி, ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். பிறகு அடிபட்டால் அதையே செய்யச் சொல்லி ஒப்பிடுவார்கள். அதனால் எல்லாரும் வேண்டுமென்றே சொதப்பி வைப்பார்கள். நாளைக்கு அடிபட்டுத் தடுமாறினாலும் வித்தியாசம் தெரியாது, யாரும் தங்களை வெளியே உட்கார வைக்க முடியாதல்லவா. அணியில் ஒருவனான பிரெக்கன் அக்டோபரிலிருந்து ஜூலைக்குத் தாவியபோது, "உங்கப்பன் மூளை அப்படியே இறங்கியிருக்குடா" என்று சிரித்தவர் வெண்டல்தான்.

இப்போது பருவத்தின் கடைசி ஆட்டம். மோதி விழுந்த பிரெக்கன் எழுந்து எதிரணிக் கூட்டத்தில் போய் நின்றான். நடுவர் டாலிவர் அவனைத் தோளைப் பிடித்து அழைத்து வந்தார்.

"வெண்டல், இவன் பார்வை சரியில்லப்பா."

வெண்டல் அவன் ஹெல்மெட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார். "மாசத்தைச் சொல்லு, பிரெக்கன்."

"டிசம்பர், நவம்பர், அக்டோபர்... ஜூலை." சிரித்தான். "எப்பவும் போலத்தான் கோச். ஹெல்மெட்டைக் கொடுங்க."

எப்போதும் போலத்தான். நடிக்கிறானா, உண்மையிலேயே மறந்துவிட்டானா? பொய்யோடு ஒப்பிட்டு மெய்யை எப்படி அறிவது?

"எத்தனாவது பாதிடா இது?"

"முதல் பாதி." இரண்டாம் பாதி முடியும் நேரம்.

வெண்டல் ஹெல்மெட்டைக் கொடுக்காமல் தன் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டார். டாலிவர் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு வந்தார். "மாத்தி இறக்க ஆளில்ல. ஏழு பேரோட ஆடுறியா?"

வெண்டல் மைதானத்தைப் பார்த்தார். ஒருவன் குனிந்து முழங்காலைப் பிடித்திருந்தான். களைப்பா, மயக்கமா? அவன் ஆகஸ்டு சோதனையும் பொய். ஏழு பேருடையதும் பொய்.

"இல்ல. முடிச்சுக்கலாம். நாங்க தோத்ததா எழுதிக்கோ."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?" பெற்றோர் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஏழு பையன்களும் அவர் முகத்தைப் பார்க்காமல் கடந்து போனார்கள். ஆம்புலன்ஸ் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும்.

"கோச், யார் ஜெயிக்கிறாங்க?" என்றான் பிரெக்கன்.

"நாமதான்."

சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டான். வெண்டல் மறுபடியும் அதையே சொன்னார். ரோட்டில் இன்னும் எந்த வண்டியும் தெரியவில்லை.