வாலில்லாக் குரங்கால் வந்த வினை

மூளை ஆராய்ச்சியில் முதலில் தேய்வது செருப்புதான். "என்ன படிக்கிற?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டுபோன ஆராய்ச்சி மாணவ மாணவிகளே, உங்களுக்கு இது புரியும்.

மனிதக் குழந்தையின் மூளை வளரும் விதத்தையும் சிம்பன்சிக் குட்டியின் மூளை வளரும் விதத்தையும் ஒப்பிடுவது என் வேலை. சென்சார் தைத்த துணித் தொப்பியைக் குழந்தைக்கு மாட்டி, அம்மா மடியிலேயே உட்காரவைத்து, கொஞ்ச நேரம் படம் காட்டினால் போதும். ஊசி கிடையாது, வலி கிடையாது. சிம்பன்சிகளின் பதிவுகள் வெளிநாட்டுக் காப்பகங்களிலிருந்து சமர்த்தாக என் கணினிக்கு வந்துவிட்டன. முத்தியால்பேட்டைக் குழந்தைகள்தான் வரவில்லை. மழைக்காலத்துக்குள் வராவிட்டால் ஆய்வின் அந்தப் பகுதியைச் சென்னைக் குழுவிடம் கொடுத்துவிடுவதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார். குழந்தைகள் போனால் என் முனைவர் பட்டமும் கூடவே போகும்.

பாதி வழியில் நின்ற டீ

முத்தியால்பேட்டையில் ஜெசிந்தா என்பவர் வீடு. அவருடைய பத்து மாதப் பையன் தவழ்ந்து வந்து என் பையின் வாரைச் சப்பிக்கொண்டிருந்தான். ஜெசிந்தா டீ எடுத்துவந்தார். நான் உற்சாகத்தில், "உங்க பையன் மூளையையும் குரங்கோட மூளையையும்..." என்று ஆரம்பித்தேன். டம்ளர் பாதி வழியில் நின்றது.

விட்டேனா? கிளைக்குக் கிளை தாவுகிற குரங்கு வேறு, வால் இல்லாத பெரிய குரங்கு வேறு, இரண்டாவதுதான் நமக்கு நெருங்கிய சொந்தம் என்று விளக்கினேன். 'சொந்தம்' என்பதையாவது விட்டிருக்கலாம். அவர் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "எதுர்வூட்டுப் புள்ள எழுந்து நிக்குது, இவன் இன்னும் கொரங்கு மாதிரி நாலு கால்ல போறான்னு எங்க மாமியா தெனம் சொல்றாங்க. இப்ப நீங்களும் வந்துட்டீங்களா?"

மரியாதையான சொல்

சொல்தான் சிக்கல் என்றால் சொல்லை மாற்றுவோம் என்று துறை அலுவலகத்துக்குப் போனேன். பெற்றோருக்குத் தரும் விளக்கத்தாளில் 'மனிதக் குரங்கு' என்று அச்சாகியிருந்தது. மனிதன் என்றும் போட்டு, குரங்கு என்றும் போட்டால் எந்த அம்மா சார் வருவாள் என்று கண்காணிப்பாளரிடம் சண்டைக்கு நின்றேன். அவர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னார்: "அப்ப வானரம்னு போட்டுக்கோம்மா. கேக்க மரியாதையா இருக்கும். சனிக்கிழமையில குடுத்தா அம்மாங்க பக்தியா கையெழுத்தே போட்டுடுவாங்க."

பிரெஞ்சும் கைவிட்டது

குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் மிசியே அந்துவான், பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் இல்லாத தனிச்சொல் பிரெஞ்சிலாவது இருக்கும், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் அதுவும் செல்லுமே என்று அவரிடம் கேட்டேன். "அங்கயும் ஒண்ணுதான் மத்மசேல். சின்னதுன்னா சேன்ழ், பெருசுன்னா கிரான் சேன்ழ். கொரங்கு கொரங்குதான்."

ஆனாலும் மனது கேட்காமல் மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் எனக்காகப் பேசி, பூசை முடிந்ததும் கோயிலில் இரண்டு நிமிடம் பேச அனுமதி வாங்கிக் கொடுத்தார். 'குரங்கு' என்ற சொல்லைத் தொடுவதில்லை என்ற வைராக்கியத்தோடு மைக்கைப் பிடித்தேன். பிறக்கும்போது வளர்ச்சியில் சிம்பன்சிக் குட்டியின் மூளைதான் முந்தி நிற்கும். நம் குழந்தைகளுடையது பிறந்த பிறகுதான் நிதானமாக, வருடக்கணக்கில் வளரும். அந்த நிதானத்தில்தான் பேச்சும் பழக்கமும் ஏறுகின்றன என்றேன். கூட்டம் கவனமாகக் கேட்டது. நானே அசந்துபோனேன். சாமியார் மைக்கை வாங்கி நன்றி சொன்னார்: "குரங்கு ஆராய்ச்சிக்குக் குழந்தைகளைக் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் பெயர் கொடுக்கலாம்."

நாற்காலியோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

மாமியாருக்கு ஒரு விளக்கம்

அந்த வாரமே ஜெசிந்தா பையனோடும் மாமியாரோடும் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார். "கோயில்ல சொன்னீங்களே, மனுஷப் புள்ளதான் மெதுவா வளரும்னு. அத இவங்க காதுல ஒரு தடவ போடுங்க" என்றார். அது மனித இனத்துக்கே பொதுவான பேச்சு, இந்தக் குழந்தையைப் பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றேன். டாக்டர் பார்த்து, நன்றாக இருக்கிறான் என்று சொல்லியாகிவிட்டதாம், மாமியார்தான் நம்பவில்லையாம்.

பொதுவான பேச்சு என்று மூன்று தடவை அழுத்திவிட்டுத்தான் சொன்னேன். பையன் தொப்பியோடு படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மாமியார் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்தார். "அப்ப, சீக்கிரம் எழுந்து நின்ன எதுர்வூட்டுப் புள்ளதான் கொரங்கு. அப்படித்தானம்மா?"

அதே தொப்பி

இல்லவே இல்லை என்று படிக்கட்டுவரை வாதாடிக்கொண்டே இறங்கினேன். என் வாதம் ஆட்டோவில் ஏறவில்லை. மறுநாள் காலை எதிர்வீட்டு அம்மா குழந்தையோடு வந்து நின்றார். "யாரு கொரங்குன்னு இன்னிக்கு பாத்துடலாம்" என்றார். இந்தத் தொப்பி அதையெல்லாம் சொல்லாது, எந்தக் குழந்தைக்கும் மார்க் கிடையாது, இஷ்டமில்லை என்றால் இப்போதே போகலாம் என்று விளக்கத்தாளை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கையெழுத்தும் போட்டார். "நீ ஒண்ணும் எழுதிக் குடுக்க வேணாம். அவ புள்ளைக்கு மாட்டுன அதே தொப்பிய எம்புள்ளைக்கும் மாட்டு, போதும்."

அவருக்குப் பக்கத்து வீடு சும்மா இருக்குமா? மழை பிடிப்பதற்குள் தெருவே வந்து தொப்பி மாட்டிக்கொண்டு போய்விட்டது. சென்னைக்கு எதுவும் போகவில்லை. மனித மூளை ஏன் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்று உலகமே மண்டையை உடைத்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால், சிம்பன்சிக்கு எதிர்வீடு கிடையாது, அவ்வளவுதான்.